ஒஜுவோலி வண்டியில் உட்கார்ந்திருந்தவன்

ஒஜுவோலி கிராமத்துக்கு எப்படிப் போறதுன்னு என்கிட்ட கேக்காத ஆள் கிடையாது. கார் ஸ்டாண்டு வாசல்ல பயறு அரைச்சு அகாரா வடை சுட்டு விக்கிறவ நான். கை ஓய்ஞ்சாலும் வழி சொல்ற வாய் ஓயாது. ஓட்டு கேக்க வர்றவன், தடுப்பூசி போட வர்ற நர்சு, முந்திரிக்கொட்டை வாங்க வர்ற வியாபாரி, எல்லாரும் என் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால வந்து நின்னுதான் கேப்பாங்க. கேட்டுட்டு ஒரு அகாரா கூட வாங்காமப் போவாங்க, அது வேற விஷயம்.

வழியா இல்ல? மழைக்காலத்துல ஆத்து மேல படகு உண்டு, படகுக்காரன் குடிக்காம இருந்தா. வெயில்காலத்துல அந்த ஆத்துல ஆடு மேயும். சந்தை நாள்ல லாரி போகும், கிழங்குக் குவியல் மேல ஏறி உக்காந்துக்கலாம். பக்கத்துல கட்டியிருக்கிற ஆடு மடியில ஒண்ணுக்குப் போச்சுன்னா கோவிச்சுக்கக் கூடாது, அதுக்கும் காசு குடுத்துத்தான் ஏத்தியிருக்காங்க. பைக்ல போகலாம். சீக்கிரம் போயிடலாம், ஆனா இடுப்பெலும்பு தனியா பின்னால வரும். அதுவும் முந்திரி சீசன்ல பைக்கெல்லாம் மூட்டை தூக்கப் போயிடும், மனுஷனை ஏத்த ஒண்ணும் மிஞ்சாது. மனுஷன் மனுஷனாப் போய் எறங்கணும்னா இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, டிரைவர் சூலேயோட நீளக் கார்.

அந்தக் காரைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஒஜுவோலியில சொந்தமா ஒரு வண்டி கிடையாது. இங்கிருந்து போற காருதான் அங்கிருந்து ஆளை ஏத்திக்கிட்டுத் திரும்பணும். இங்க சீட்டு நிறையாம அது நகராது. இங்க நகரலைன்னா அங்க பிரசவமானாலும் பாம்பு கடிச்சாலும் ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். எங்க ஊர் ஸ்டாண்டு சட்டம் இது. தலைவர் அட்டாமாவோட அப்பன் காலத்துலேருந்து இதுதான்.

காலி வண்டியில முதல் ஆளா ஏற எவனுக்கும் மனசு வராது. ஏறினா மத்தியானம் வரைக்கும் வேகணும்னு தெரியும். அதனால ஒவ்வொரு ஸ்டாண்டுலயும் நாலஞ்சு டம்மி ஆளுங்களை வெச்சிருப்பாங்க. பயணி மாதிரி உக்காந்திருக்கிறதுதான் அவங்க வேலை. பாதி நிறைஞ்ச வண்டின்னு நம்பி நாம ஏறுவோம். நாம ஏற ஏற அவங்க ஒவ்வொருத்தரா தண்ணி குடிக்கப் போற மாதிரி எறங்கிப் போயிடுவாங்க. அந்த வேலையில ஒமாலேயை அடிச்சுக்க ஆள் கிடையாது.

என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், அதனால எனக்கு எப்பவும் 'டா'தான். முதல்ல மூட்டை தூக்கிட்டிருந்தான். நல்ல பலசாலி. ஒரு தடவை கார் மேல கட்டியிருந்த முந்திரி மூட்டை சரிஞ்சு முதுகுல விழுந்துச்சு. அதோட போச்சு. ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது. அட்டாமா தலைவர் கூப்பிட்டுக் கேட்டாரு, "சும்மா உக்காரவாவது முடியுமாடா உன்னால?" "அது ஒண்ணுதான் தலைவரே முடியும்"ன்னான். அன்னிக்கு ஏறி உக்காந்தவன்தான்.

சும்மா சொல்லக்கூடாது, தொழில்னா தொழில். காலையில தேய்ச்ச சட்டை, தலையில குல்லா, மடியில ஒரு பை. பைக்குள்ள பழைய துணி. வண்டியை எட்டிப் பாக்கிறவன் காதுல விழற மாதிரி டிரைவர்கிட்ட சண்டை போடுவான், "இன்னும் எவ்வளவு நேரம்யா? ரெண்டே சீட்டுதான பாக்கி, எடு வண்டியை." பாக்கிறவன் அடிச்சுப் புடிச்சு ஏறிடுவான். ஒஜுவோலியிலேருந்து யாராவது போன் பண்ணி வண்டி எங்க இருக்குன்னு கேட்டா சூலே போனை இவன்கிட்டதான் குடுப்பான். இவன் கூசாம சொல்லுவான், "கெளம்பிருச்சுங்க. நான் உள்ளதான் உக்காந்திருக்கேன். வந்துக்கிட்டே இருக்கோம்." வண்டி அப்ப டயரைக் கழட்டி வெச்சுக் கல்லு மேல நிக்கும்.

அவனுக்கு ஒரே மக, அஜுமா. பொண்டாட்டி, மக நடக்கப் பழகறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. பொண்ணு இந்த ஸ்டாண்டுலதான் வளந்தா. என் கடை பெஞ்சுல தூங்கினா, கார் டிக்கியில வெளையாடினா, சூலேயோட ஹாரன் சத்தத்தைத் தூக்கத்துலயும் கண்டுபிடிப்பா. அப்புறம் ஒஜுவோலியிலேருந்து ஒனுச்சேன்னு ஒரு பையன் முந்திரி விக்க வந்தான். சீசன் முழுக்க என் கடையிலேயே அகாரா தின்னான். எவ்வளவு தின்னாலும் பசி அடங்கல. "தம்பி, என் அகாரா அவ்வளவு ருசி இல்ல, எனக்கே தெரியும். விஷயத்தைச் சொல்லு"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அஜுமாவைப் பாத்தான். அடுத்த மழைக்குள்ள கல்யாணம் முடிஞ்சுது.

மக ஒஜுவோலிக்குப் போனதும் ஒமாலேவுக்குப் புதுசா கதை கெடைச்சுது. வண்டியில உக்காந்து, பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கேக்கிற மாதிரி அலுத்துக்குவான். "மகளுக்கு உடம்பு சரியில்லைன்னு தந்தி மாதிரி போன் வந்திருக்கு, இந்த டிரைவர் பாரு, பல்லு குத்திக்கிட்டு நிக்கிறான்." ஒரு நாள் மகளுக்குத் தலைப்பிரசவம். ஒரு நாள் காமாலை. ஒரு நாள் கிணத்துல விழுந்துட்டா. எரக்கப்பட்டு ஜனங்க ஏறும்.

எனக்குக் கேக்கவே பத்திக்கிட்டு வரும். "நாக்குல நல்ல வார்த்தை வராதாடா உனக்கு? இருக்கிறது ஒத்தப் பொண்ணு. வேற யாரையாவது சாகடிச்சுத் தொலையேன்."

"பொய்யாச் சொன்னா ஆயுசு கூடும்க்கா"ன்னு சிரிப்பான். "நான் சொல்லியிருக்கிற கணக்குக்கு அவ நூறு வயசு தாண்டிடுவா."

இத்தனைக்கும் கல்யாணத்துக்கப்புறம் அவன் மக வீட்டுக்குப் போனதே இல்ல. முதல் பேரனுக்குப் பேர் வெச்சப்பக் கூட சூலேகிட்ட மகளுக்குப் புதுத் துணி குடுத்தனுப்பினான். அஜுமா போன்ல அழுதா. "வர்றேம்மா, அடுத்த வாரம்"னான். பயந்துதான். ஒரு நாள் சீட்டை விட்டா அட்டாமா வேற ஆளை உக்கார வெச்சிடுவாருன்னு பயம். மூட்டை தூக்க முடியாதவனுக்கு வேற என்ன இருக்கு? அவனைக் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல, சொல்லாம இருக்கவும் முடியல.

அஜுமாவுக்கு ரெண்டாவது பிள்ளை பொறந்த சேதி வந்துச்சு. பொண்ணு. நல்ல சேதிக்குக் குடுக்கிற கோலாக் கொட்டையை ஸ்டாண்டு முழுக்கக் குடுத்தான், அட்டாமாவுக்கு ரெண்டு. எனக்கு வாயெல்லாம் பல்லு. அந்த சந்தோஷம் ஆறறதுக்குள்ள அது நடந்துச்சு.

அன்னிக்கு ஒஜுவோலிச் சந்தைக்கு மறுநாள். போக வேண்டியவன் எல்லாம் மொத நாளே லாரியில போயிட்டான். ஸ்டாண்டுல ஈ ஆடல. நான் பயறு அரைக்க மில்லுக்குப் போயிருந்தேன். கரண்ட் போயிடுச்சு. பாத்திரத்தை வரிசையில வெச்சுட்டு அங்கேயே உக்காந்துட்டேன். நான் அங்க இருந்திருந்தா என்னன்னு எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன். யோசிச்சு என்ன ஆகப்போகுது. அங்க நடந்ததெல்லாம் சூலேயும் ஒமாலேயும் எனக்கு அப்புறம் சொன்னதுதான்.

காலையில ஒமாலே போனுக்கு மருமகன் கூப்பிட்டிருக்கான். ஒஜுவோலியில சிக்னல் வேணும்னா ஸ்கூல் மேட்டு மேல ஏறணும். ஓடி ஏறியிருக்கான், மூச்சு வாங்குது. அஜுமாவுக்கு ராத்திரியிலேருந்து ரத்தம் நிக்கல. அங்க இருக்கிற நர்சு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு சொல்லிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பைக் தர்றேங்கிறான். நடுவுல உக்கார வெச்சுத் துணியால கட்டிக் கூட்டிட்டு வரவா, இல்ல கார் வருமான்னு கேட்டிருக்கான்.

ஒமாலே சொன்னானாம், "பைக்ல வேண்டாம் மாப்பிள்ளை. அந்தப் பள்ளம் மேட்டுல ஆட்டி எடுத்துடும், இருக்கிற ரத்தமும் போயிடும். கார்ல படுக்க வெச்சுக் கொண்டுவரலாம். வண்டி கெளம்பிருச்சு. நான் உள்ளதான் உக்காந்திருக்கேன். வந்துக்கிட்டே இருக்கோம்."

சூலே அப்ப டயருக்குக் காத்தடிச்சிட்டிருந்தான். அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் அவன் காதுல விழுந்துச்சு. அது தினம் பத்து தடவை விழற வார்த்தை. நிமிந்து கூடப் பாக்கல.

ஒமாலே நேரா அவன்கிட்ட வந்து டிக்கெட் காசை நீட்டியிருக்கான். "எடு சூலே. இன்னிக்கு நான் நெசமாவே போறேன். மகளுக்கு ரொம்ப முடியல."

பக்கத்துல ஒஜுவோலிக்குப் போற துணி வியாபாரப் பொம்பளைங்க ரெண்டு பேர் மூட்டையோட நின்னிருக்காங்க. அவங்க காதுல விழறதுக்காக இவன் நடிக்கிறான்னு சூலே நெனைச்சுட்டான். "பரவால்லியே, காசெல்லாம் எடுத்து நீட்டுறே. இது புதுசா இருக்கே"ன்னு சிரிச்சுக்கிட்டே காசை அவன் சட்டைப் பையிலேயே திருப்பிப் போட்டுட்டான். இவன் முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டான்.

அந்தப் பொம்பளைங்க இவனை நல்லாத் தெரிஞ்சவங்க. ஒருத்தி இன்னொருத்திகிட்ட, "ஏய், ஒமாலே ஏறி உக்காந்திருக்கான்னா வண்டி காலின்னு அர்த்தம். வா, மரத்தடியில போய்க் காலை நீட்டலாம்"ன்னா.

இவன் எறங்கி மரத்தடிக்கே போனான். "அம்மா, கடவுள் மேல சத்தியமா மகளுக்கு ரத்தம் போயிட்டிருக்கு. நீங்க ஏறுங்க, உங்களைப் பாத்து நாலு பேர் ஏறுவாங்க."

"போன வாரமும் கடவுள் மேலதான்யா சத்தியம் பண்ணே. என் மாமியா வரைக்கும் அழுதுட்டா"ன்னு ஒருத்தி சொல்ல, சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சிருக்காங்க. இன்னொருத்தி அவனுக்குக் கொறிக்க வேர்க்கடலை குடுத்தாளாம். அதை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டே நின்னானாம்.

தலைவர்கிட்ட போனான். அட்டாமா தலையைத் தூக்காம சொன்னாரு, "எல்லா நாளும் மக கதையே சொல்லாதடா, ஜனங்க பழகிட்டாங்க. வேற எதையாவது புதுசாச் சொல்லு. போ, போய் உக்காரு."

பாவி, அவனுக்கு என்ன பண்றதுன்னே தெரியல. ஏறி உக்காந்தா வண்டி காலின்னு தெரிஞ்சவன் ஏற மாட்டேங்கிறான். எறங்கி நின்னா வண்டி காலியாத் தெரியுது, தெரியாதவனும் ஏற மாட்டேங்கிறான். தன் மூஞ்சி தெரியக்கூடாதுன்னு பள்ளிவாசல் சுவத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சு நின்னு பாத்தானாம், யாராவது ஏறுறாங்களான்னு. அட்டாமா அதையும் பாத்துட்டாரு. "வேலை நேரத்துல எங்கடா ஒளியுறே"ன்னு திட்டிப் பழையபடி சீட்டுல உக்கார வெச்சாரு.

மருமகனுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டான். அவன் மேட்டைவிட்டு எறங்கி வீட்டுக்குப் போயிட்டான், லைன் எங்க கிடைக்கும்? தானாவது பைக் பிடிச்சுப் போகலாம்தான். ஆனா அவன் போய் என்ன பண்ணுவான்? அங்க வேண்டியது அவன் இல்ல, வண்டி. அதனால வண்டியிலேயே உக்காந்திருந்தான். வேர்த்து வழிஞ்சுது, வெய்யில்னு நெனைச்சாங்க. கண்ணைத் தொடைச்சான், நடிப்புன்னு நெனைச்சாங்க.

நான் மாவுப் பாத்திரத்தோட திரும்பி வந்தப்ப வெயில் உச்சிக்கு வந்துருச்சு. முன் சீட்டுல இவன் உக்காந்திருக்கிறதைப் பாத்தேன். பின்னால யாருமில்ல. அவன் மூஞ்சி சரியா இல்லைன்னு எனக்குப் பட்டுச்சு. கிட்ட போறதுக்குள்ள ஒரு பைக் வந்து நின்னுச்சு. பின்னால முந்திரி மூட்டை, ஓட்டினவன் தலையெல்லாம் செம்மண்ணு. ஒஜுவோலிக்காரன். ஒமாலேயைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டான்.

"நீங்க இங்கியா இருக்கீங்க?" ன்னான். "நீங்க காலையிலேயே வண்டியில கெளம்பிட்டீங்கன்னு சொன்னாங்க. உங்க மருமகன் ரோட்டுல வந்து நிக்கிறாரு. கார்ல விரிக்கப் பாயெல்லாம் சுருட்டி வெச்சிருக்காங்க. நான் வர்ற வழியெல்லாம் உங்க வண்டியைத் தேடிக்கிட்டே வந்தேனே."

அட்டாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எந்திரிச்சு வந்தாரு. மூஞ்சி செத்துப்போச்சு மனுஷனுக்கு. கார் கூரையில ஓங்கி அடிச்சு, "எடுடா. காலியாவே எடு"ன்னாரு. அந்த ஸ்டாண்டுல ஒரு வண்டி காலியாக் கெளம்பி நான் பாத்தது அன்னிக்குத்தான். துணிக்காரப் பொம்பளைங்க மூட்டையை இழுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. ஒருத்தி தன் மூட்டையை அவுத்து ரெண்டு நீளத் துணியை உருவி உள்ள போட்டா. "நாங்க ஏறல. பொண்ணு படுத்து வரணும், எடம் இருக்கட்டும்"ன்னா. நான் மாவை அப்படியே பெஞ்சுல வெச்சுட்டு ஏறிட்டேன். அஜுமா என் பெஞ்சுல வளந்தவ.

சூலே மெதுவா ஓட்டுறவன்னு பேர் எடுத்தவன். அன்னிக்குத் தார் ரோடு முடிஞ்சு செம்மண்ணு வந்தப்பக் கூடக் காலைத் தூக்கல. தலை கூரையில இடிச்சுது. ஒமாலே முன்னால உக்காந்திருந்தான். அப்புறம் திரும்பாமயே சொன்னான், "அக்கா, நான் எல்லாருகிட்டயும் சொன்னேன்க்கா. நெசம்னு சொன்னேன். இதைவிட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"தெரியும்டா. நான் நம்புறேன்டா"ன்னேன். அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டேன்.

வறண்ட ஓடையைத் தாண்டினதும் ஒரு முந்திரித் தோப்பு. அந்த நிழல்ல ஒரு பைக் சாய்ஞ்சு நின்னுச்சு. பைக் தர்றேன்னு சொன்ன பக்கத்து வீட்டுக்காரன் குல்லாவைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு தள்ளி நின்னுட்டிருந்தான். ஒனுச்சே கீழ உக்காந்திருந்தான். அஜுமா தலை அவன் மடியில இருந்துச்சு. அவளைத் தன் நெஞ்சோட சேத்துக் கட்டியிருந்த துணி இன்னும் அவன் இடுப்புல பாதி சுத்தியே கெடந்துச்சு. அவ காலெல்லாம் செம்மண்ணு. நான் எறங்கி அவ கையைத் தொட்டுப் பாத்தேன். சூடு இருந்துச்சு, வெய்யில் சூடு. உயிர் இல்ல. என் பிள்ளை மாதிரி வளந்தவ. நான் அங்கேயே உக்காந்து கத்தி அழுதுட்டேன்.

ஒமாலே கார்க் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். கிட்ட வரல. ஒனுச்சே நிமிந்து அவனைப் பாத்தான். அந்தப் பையன் கண்ணுல கோவம் இல்ல. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மெதுவாத்தான் கேட்டான்.

"எந்த எடத்துல மாமா வண்டி கெட்டுப்போச்சு?"

சூலேதான் முந்திக்கிட்டான். "பாலத்துக்கிட்ட தம்பி. டயரு. ஸ்டெப்னியும் சரியில்ல, அதான்..."

"டயரெல்லாம் இல்ல மாப்பிள்ளை"ன்னான் ஒமாலே. "வண்டி ஸ்டாண்டுலதான் நின்னுச்சு. ஆள் சேரல."

"கெளம்பிருச்சுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

ஒனுச்சே அஜுமா மூஞ்சியில ஒட்டியிருந்த மண்ணை விரலால தொடைச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் எங்க யாரையும் பாக்காம, தனக்குத்தானே சொல்ற மாதிரி சொன்னான்.

"காலையிலேயே பைக்ல போயிடலாம்னுதான் இவ சொன்னா. வலியைத் தாங்கிக்கிறேன், கட்டிக் கூட்டிட்டுப் போன்னா. நான்தான், அப்பா கார்ல வந்துக்கிட்டிருக்காரு, கொஞ்சம் பொறுத்துக்கன்னு படுக்க வெச்சேன். உடனே சரின்னுட்டா. அப்பா வர்றாருன்னதும், அவர் குடுத்தனுப்பின அந்தப் புதுத் துணியை எடுத்துக் கட்டிவிடச் சொன்னா."